குறை சொல்லத் தெரியாத மாணவர்கள்

எங்கள் முதுமாணிப் பாடநெறியை மதிப்பிட மூன்று பேர் கொண்ட குழு வரப்போகிறது என்று அறிவித்தல் வந்த அன்று நான் சந்தோஷப்பட்டேன். பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிற எவரும் இதை நம்பமாட்டார்கள். மதிப்பீட்டுக் குழு என்றாலே எங்களவர்கள் பதறுவார்கள். பழைய கூட்டக் குறிப்புகளில் விடுபட்ட கையெழுத்துகளை வாங்க ஓடித்திரிவார்கள். பூட்டிக் கிடந்த கழிப்பறையின் சாவியைத் தேடுவார்கள். எனக்கு மட்டும், வரட்டும், வந்து தங்கள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்றிருந்தது. நாங்கள் படுகிற பாட்டை வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்க்கமாட்டாரா என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

பாடநெறியின் பெயர் தரவு விஞ்ஞானம், மாஸ்டர்ஸ் பட்டத்துக்கான படிப்பு. மட்டக்களப்பு வாவிக்கரையில் சனி ஞாயிறுகளில் மட்டும் நடக்கிற வகுப்பு. வேலைக்குப் போகிறவர்கள்தான் மாணவர்கள். வங்கிக்காரர், விவசாயத் திணைக்கள உத்தியோகத்தர், கணித ஆசிரியைகள், பாடசாலையில் படிப்பிக்கிற ஓர் அருட்சகோதரி என்று கலவையான கூட்டம். செங்கலடியிலிருந்தும் ஓட்டமாவடியிலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். நான் புள்ளிவிபரவியல் படித்தவள். இணைப்பாளர் என்ற பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் மெல்ல ஒதுங்கிக்கொண்டார்கள். என் சித்தப்பா ஒருவர் இன்றைக்கும் கேட்பார், "கொம்பியூட்டர் திருத்துற படிப்புத்தானே மகள்?" என்று. முதலில் விளக்கிப் பார்த்தேன். இப்போது ஓம் என்றுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்பதால் ஆராதனைக்கும் போகக் கிடைப்பதில்லை. எங்கள் மெதடிஸ்த ஆலயத்துப் போதகர் வழியில் கண்டால், "உங்கள இனி நத்தார் ஆராதனையிலதான் காணலாம் போல" என்று சிரிப்பார். சிரிப்புத்தான், ஆனால் குத்தும்.

பாடநெறி தொடங்கியபோது விரிவுரையாளர்களுக்குக் குறைவிருக்கவில்லை. நாடு கடனில் முறிந்து, எல்லோரும் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருடத்திலிருந்து ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒருவர் கனடாவுக்கு, ஒருவர் அவுஸ்திரேலியாவுக்கு. இன்னொருவர் லீவு எடுத்துக்கொண்டு போனவர், லீவு முடிந்தும் திரும்பி வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பிள்ளைகுட்டிக்காரர்கள். கடைசியில் மிஞ்சியது நானும் அவளும்தான்.

அவள் என்று நான் சொல்வது எங்கள் தற்காலிக விரிவுரையாளரை. படுவான்கரைப் பிள்ளை, அதாவது வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கம். தகப்பன் வேளாண்மை செய்து அவளைப் படிப்பித்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். புலமைப்பரிசிலில் வெளிநாடு போய் மேற்படிப்பு முடித்தவள், அங்கேயே இருக்கச் சொல்லியும் கேளாமல் திரும்பி வந்தாள். காரணம் தாய். தாய்க்குப் பார்வை மங்கிக்கொண்டே போகிறது. இவள் ஒரே பிள்ளை. நரம்பு வலையமைப்பு, மொழி மாதிரி என்று இந்தக் காலத்துப் பாடங்கள் எல்லாவற்றையும் அவள்தான் எடுத்தாள். எனக்கு அவற்றில் நுனிப்புல் மேய்ந்த அறிவுதான் உண்டு. காலையிலிருந்து பின்னேரம் வரை நின்றபடி படிப்பிப்பாள். பிறகு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். பொழுது பட்டபின் தாய் தனியே அடுப்படிக்குப் போய்விடக்கூடாது என்று பயம்.

அவளுடைய நியமனத்தில்தான் சிக்கல். தற்காலிக நியமனத்தை ஓர் அளவுக்கு மேல் நீடிக்க விதி இடங்கொடாது. அந்த வருட முடிவோடு அவளுடைய காலம் சரி. புதிதாக ஒரு நிரந்தரப் பதவி அங்கீகரிக்கப்பட்டால் அவள் விண்ணப்பிக்கலாம். அவளைவிடத் தகுதியான ஆள் இந்தப் பக்கத்தில் இல்லை. கிடைக்காவிட்டால் சிங்கப்பூரில் ஒரு கம்பனி அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். நேரில்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"நிரந்தரம் கிடைச்சா நான் ஏன் மெடம் போறன்?" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். "அம்மா இப்ப குரலை வெச்சுத்தான் ஆக்கள மட்டுக்கட்டுறா. நான் சத்தம் போடாம வீட்டுக்குள்ள வந்தா, ஆரது எண்டு பயந்து கேக்கிறா."

அதற்கு நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கவேண்டும். பரீட்சைத்தாள் திருத்தியாயிற்றா என்று கேட்டேன். எனக்கு இந்த விடயங்களில் நாக்கு வராது.

எங்கள் பீடத்துக்குத் தலைவரான பீடாதிபதிதான் ஒரு வழி சொன்னார். "இந்தப் பாடநெறிக்கு நிரந்தர ஆள் ஒண்டு கட்டாயம் வேணும் எண்டு அந்தக் குழு எழுதிக் குடுத்தா மேலிடம் மறுக்க ஏலாது மெடம். ஆனா இந்தக் கதை நமக்குள்ள இரிக்கட்டும். பதவி வருது எண்டு வெளிய தெரிஞ்சா, அடுத்த நாளே சிபாரிசுக் கடிதத்தோட ஆக்கள் வந்து நிப்பாங்க." அவர் சொன்னது சரிதான். இது நாடறிந்த சங்கதி. அதனால் எங்கள் மூவரையும் தவிர யாருக்கும் தெரியாது. மாணவர்களுக்கும் சொல்லவில்லை.

குழு வருவதற்கு முன் நாங்களே எங்களைப் பற்றி ஒரு சுயமதிப்பீட்டு அறிக்கை அனுப்பவேண்டும். வழக்கமாக அதில் தேனும் பாலும் ஓடும். நான் உள்ளதை எழுதினேன். ஆய்வுகூடத்தில் பாதிக் கணினிகள் உயிரில்லாமல் கிடக்கின்றன. குளிரூட்டி வேலை செய்வதில்லை. மத்தியானத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் இருக்க முடியாது. முக்கால்வாசிப் பாடங்களை ஒரு தற்காலிக விரிவுரையாளர் தனியே சுமக்கிறார். அவர் போனால் பாடநெறி படுத்துவிடும். இதை வாசித்த பீடாதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என்ன மெடம் இது? கலியாணம் பேசி வாற ஆக்களுக்கு, பொம்புளைக்கு நோய் வருத்தம் இரிக்கி எண்டு நாமளே கடிதம் எழுதிற மாதிரிக் கிடக்கு."

"வருத்தம் எண்டு சொன்னாத்தானே சேர் மருந்து தருவாங்க," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தார். அந்த அறிக்கையில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மாணவர்களையும் குழு தனியே சந்திக்கும் என்று எங்களுக்குத் தெரியும். மற்றப் பாடநெறிகளில் இதற்கென்று முன்கூட்டியே ஒத்திகை வைப்பார்கள். நான் வைக்கவில்லை. முதல் வகுப்பிலேயே நான் சொல்லிக்கொடுக்கிற பாடம், தகவல் கேட்கப் போகிறவர் பதில் சொல்கிறவரின் வாயில் பதிலை ஊட்டக்கூடாது என்பது. அதே வகுப்பில் இன்னொன்றும் சொல்வேன்: எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் சந்தேகப்படுங்கள். இதையெல்லாம் பலகையில் எழுதிப்போட்டுவிட்டு, என் மாணவர்களுக்கே நான் பாடமாக்கிக் கொடுக்கலாமா? அதோடு அதற்குத் தேவையும் இல்லை என்று நினைத்தேன். கிழமைக்குக் கிழமை என் மேசையைச் சுற்றி நின்று முறைப்பாடு சொல்கிறவர்கள்தானே. கணினி தூங்குது மெடம், கரண்ட் போகுது மெடம், இன்னொரு விரிவுரையாளர் வந்தால் நல்லம் மெடம். அதையே அங்கேயும் சொல்வார்கள் என்று நம்பினேன்.

குழு வருகிற சனிக்கிழமை காலை நான் வேளைக்கே போனேன். வாசலில் நிறைகுடம். பக்கத்தில் ஒரு மேசையில் வட்டாவில் வெற்றிலை அடுக்கியிருந்தது. பளபளவென்று புளி போட்டு மினுக்கிய பித்தளை வட்டா, யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்தது. சரி, விருந்தாளிக்கு வெற்றிலை நீட்டாமல் எங்கள் ஊரில் எதுவும் தொடங்காது, இதற்குக் கோபிக்க என்ன இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு ஆய்வுகூடத்துப் பக்கம் போனேன்.

கதவைத் திறந்ததும் குளிர்காற்று முகத்தில் அடித்தது.

சுவர்கள் வெள்ளையாக இருந்தன. புதுப் பூச்சு மணம். வரிசை வரிசையாகக் கணினிகள், எல்லாத் திரைகளும் எரிந்துகொண்டிருந்தன. ஒன்றுகூடத் தூங்கவில்லை. யன்னலுக்குத் திரைச்சீலை போட்டிருந்தார்கள். எங்கள் வகுப்பில் மூத்த மாணவர், காத்தான்குடியைச் சேர்ந்த வங்கி உத்தியோகத்தர், முழுக்கைச் சட்டையோடு நடுவில் நின்றார். நகத்தில் இன்னும் பூச்சு ஒட்டியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன தம்பி இது?"

"நேத்து லீவு போட்டு எல்லாரும் வந்த நாங்க மெடம். ஏசியப் பார்க்க என்ட மச்சானக் கூட்டிவந்த நான். அவர் கட்டார்ல ஏசி வேலதான் செஞ்சவர். கொம்பியூட்டரெல்லாம் ஏறாவூர்ல ஒரு ரியூஷன் நிலையத்தில இருந்து. திங்கக்கிழமை திருப்பிக் குடுக்கணும்."

"பழையதெல்லாம் எங்க?"

"பின்னுக்கு ஸ்டோர்ல போட்டுப் பூட்டிட்டம். நீங்க ஒண்டுக்கும் பயப்புடாதீங்க மெடம்."

கோபம் ஒரு பக்கம். மறுபக்கம், தங்கள் கைக்காசைப் போட்டு, ஒரு நாள் சம்பளத்தையும் விட்டு இதைச் செய்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. விவசாய உத்தியோகத்தர் கதிரையில் ஏறித் திரைச்சீலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அருட்சகோதரி தன் கையாலேயே நிலத்தைக் கழுவித் துடைத்திருந்தார். எல்லாவற்றையும் எடுங்கள், பழைய கணினிகளைத் திரும்பக் கொண்டுவந்து வையுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது காவலாளி ஓடிவந்து, குழுவின் வாகனம் வாசலுக்கு வந்துவிட்டது என்றார்.

குழுவின் தலைவர் மலைநாட்டிலிருந்து வந்த பேராசிரியர். மெல்லிய குரல், நிதானமான மனிதர். கூட வந்தவர்களில் ஒருவர் இளம்பெண், மற்றவர் அதிகம் பேசாதவர். வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கினார்கள். ஆய்வுகூடத்துக்குள் வந்ததும் தலைவர் சுற்றிவரப் பார்த்தார். கையில் என்னுடைய அறிக்கை இருந்தது. ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டு, "பாதிக் கணினிகள் இயங்குவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சுவரோரமாக என் மாணவர்கள் வரிசையாக நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கலியாண வீட்டில் நிற்பதுபோல ஒரு சிரிப்பு.

"மாணவர்கள் திருத்தியிருக்கிறார்கள்," என்றேன். பொய் என்றும் சொல்ல முடியாது, மெய் என்றும் சொல்ல முடியாது. அவர் "அருமை" என்று சொல்லி ஏதோ குறித்துக்கொண்டார். அவள் எனக்குப் பின்னால் நின்றாள். திரும்பி அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மத்தியானச் சாப்பாடும் மாணவர்கள் வீடுகளிலிருந்துதான் வந்தது. வாவி இறால், நண்டுக் கறி, வெட்டி எடுக்கிற பதத்தில் எருமைத் தயிர், இனிப்புக்குக் காத்தான்குடியிலிருந்து வட்டிலப்பம். அதிகம் பேசாத அந்த மனிதர் வட்டிலப்பம் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாணவர்களை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். எங்களுக்கு அங்கே இடமில்லை. நானும் அவளும் வெளியே வந்து, வாவியைப் பார்த்தபடி ஒரு மர வாங்கில் இருந்தோம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. தூரத்தில் ஒருவர் தோணியில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அறையைப் பார்த்து ஏமாந்தாலும் பரவால்ல மெடம்," என்றாள் அவள். "அதுகள் உள்ளுக்க உண்மையத்தான் சொல்லும். ஆள் பத்தாது எண்டு கிழமைக்குக் கிழமை சொல்லுறதுகள்தானே."

"ஓம், சொல்லுவாங்க," என்றேன் நானும்.

கதவு திறந்து அவர்கள் வந்தபோது, பரீட்சை நன்றாக எழுதிய பிள்ளைகளின் முகம். வங்கிக்காரர் நேரே எங்களிடம் வந்தார். வேர்த்து விறுவிறுத்திருந்தது அவருக்கு.

"ஒரு குறையும் சொல்லல்ல மெடம். அந்தப் பொம்புள விடாமக் கேட்டுப் பார்த்தா. என்ன குறை, என்ன குறை எண்டு. ஒரு ஆள் வாய் திறக்கல்ல. மறுகா, படிப்பிக்க இரிக்கிற ஆள் போதுமா எண்டு கேட்டாங்க. எங்கட மிஸ் ஒரு ஆளே போதும், வேற ஆரும் வேணா எண்டு எல்லாருமா அடிச்சுச் சொல்லிட்டம்."

பின்னால் நின்ற அருட்சகோதரி சொன்னார், "மிஸ்ஸுக்கு இது பாரமில்ல, சந்தோஷமாத்தான் செய்யிறா எண்டும் சொன்ன நான்."

அவள் சிரித்தாள். என்னால் அப்படிச் சிரிக்க முடிந்திருக்காது. "தேங்ஸ் சிஸ்டர்," என்றாள்.

"ஏன் அப்பிடிச் சொன்னீங்க?" என்று நான் கேட்டேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

வங்கிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "தற்காலிகமா இரிக்கிற ஆக்கள நிப்பாட்டத்தான் இவங்க வாறாங்க எண்டு கதை அடிபட்டிச்சு மெடம். குறை ஒண்டு கிடைச்சா மிஸ்ஸுட தலையிலதான் கட்டுவாங்க. விடுவமா நாங்க? மறுகா, வீட்டுக்கு ஆள் வந்திரிக்கக்குள்ள, கூரை ஒழுகுது எண்டு ஆரும் காட்டுவாங்களா?"

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீங்கதானே மெடம் முதல் வகுப்பில சொன்னீங்க. பதில் சொல்லப்போற ஆக்களுக்கு ஆரும் சொல்லிக் குடுக்கப்படாது எண்டு. கேட்டா உங்களுக்குத்தான் கரைச்சல் எண்டு நினைச்ச நாங்க."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. என் பாடத்தை இவ்வளவு கவனமாகக் கேட்ட மாணவர் வேறு யாரும் இல்லை. அவரைப் பிடித்து உலுக்கவேண்டும்போல இருந்தது, அதேநேரம் அவருக்கு முன்னால் அழுதுவிடுவேனோ என்றும் இருந்தது. ஒன்றும் செய்யாமல், போய்த் தேத்தண்ணி குடியுங்கள் என்று அனுப்பினேன்.

பின்னேரம் இறுதிக் கூட்டம். உபவேந்தர், பீடாதிபதி எல்லோரும் முன்வரிசையில். மாணவர்கள் பின்னால். தலைவர் எழுந்து எங்களை வாயாரப் புகழ்ந்தார். இவ்வளவு தூரத்தில் இப்படியொரு ஆய்வுகூடத்தைத் தாம் எதிர்பார்க்கவில்லை என்றார். இணைப்பாளர் அடக்கம் காரணமாகத் தம் பாடநெறியைக் குறைத்து எழுதியிருக்கிறார் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். சபையும் சிரித்தது. பிறகு விரிவுரையாளர் விடயத்துக்கு வந்தார். இப்போதுள்ள ஆளணி போதுமானது என்று மாணவர்களே ஒருமுகமாகச் சொல்லியிருக்கிறார்கள். பதவிகளுக்குப் பெரும் தட்டுப்பாடு நிலவுகிற இந்தக் காலத்தில், புதிய பதவியைப் பரிந்துரைக்க வேண்டிய அவசியத்தைக் குழு காணவில்லை. பாடநெறிக்கு நல்ல தரம் வழங்கப்படும்.

கைதட்டல் எழும்பியது. பின்வரிசையில்தான் பலமாகத் தட்டினார்கள்.

நான் கையை உயர்த்தினேன். தலைவர் மரியாதையாக, "சொல்லுங்கள்," என்றார். என்ன சொல்வது? அந்தக் கணினிகள் இரவல், திங்கட்கிழமை போய்விடும் என்றா? சொன்ன அந்த நிமிடத்திலேயே அது குழுவை ஏமாற்றிய குற்றமாகிவிடும். தரம் போகும். பாடநெறியை நிறுத்திவைப்பார்கள். சனி ஞாயிறுகளை விட்டுக்கொடுத்துப் படித்து, பட்டத்துக்காகக் காத்திருப்பவர்கள் இதே மாணவர்கள்தான். பட்டத்தை நம்பி வங்கிக்காரர் பதவி உயர்வுக்கு எழுதிப்போட்டிருந்தார். பொய் சொன்னவர்கள் என்ற பெயரோடு அவர்களை எங்கே அனுப்புவது? பக்கத்தில் இருந்தவள் மேசைக்குக் கீழே என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"மெடம்," என்று உதடு அசையாமல் சொன்னாள். "அதுகள மாட்டி விடாதீங்க."

சபை காத்திருந்தது. "எங்கள் மாணவர்கள் நல்லவர்கள்," என்றேன். "அதை மட்டும் சொல்ல விரும்பினேன்." மறுபடியும் கைதட்டினார்கள். நான் இருந்துவிட்டேன்.

ஆனால் அதோடு நான் கைகட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. குழுவின் வரைவு அறிக்கை வந்தபோது, அவள் எடுக்கிற பாடங்கள், நேரங்கள் எல்லாவற்றையும் அட்டவணை போட்டு, இது ஒரு ஆளுக்கு மீறிய வேலை என்று பதில் எழுதினேன். மாணவர்கள் சொன்னதைத் தொடாமல், கணினிகளைத் தொடாமல், எவ்வளவு வளைந்து எழுத முடியுமோ அவ்வளவு வளைந்து எழுதினேன். மிக மரியாதையான பதில் வந்தது. மாணவர்களின் ஒருமித்த சாட்சியத்தைக் குழு முக்கியமாகக் கருதுகிறது என்றிருந்தது. எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் சந்தேகப்படவேண்டும் என்று அந்தப் பேராசிரியர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லைபோலும். பீடாதிபதியிடம் போனேன். "நல்ல தரம் கிடைச்சிரிக்கி மெடம். ஏன் போட்டுக் கிண்டுறீங்க?" என்றார். அவரும் பாவம். அவள் பெயரைச் சொன்னதும் யன்னல் பக்கம் பார்த்தார்.

வருடம் முடிந்தது. அவளுடைய நியமனமும் முடிந்தது. தாயை உன்னிச்சையில் இருக்கிற சின்னம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டாள். பழகாத வீடு, கிணற்றடிக்கு எத்தனை எட்டு என்று தாய்க்கு இனித்தான் பழகவேண்டும் என்று என்னிடம் சொன்னாள். அன்றைக்குத்தான் அவள் அழுததைப் பார்த்தேன். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதைவிட என்னால் ஆனது ஒன்றுமில்லை.

மாணவர்கள் பிரியாவிடை வைத்தார்கள். அவளுக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுத்தார்கள். வங்கிக்காரர் பேச எழுந்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். எல்லாம் முடிந்து நான் காருக்குப் போகும்போது பின்னாலேயே வந்தார்.

"பார்த்தீங்களா மெடம்? நாங்க அவ்வளவு சொல்லியும் மிஸ்ஸ நிப்பாட்டிப் போட்டாங்க. எங்கட வட்டிலப்பத்தையும் திண்டுபோட்டு. ஈவிரக்கம் இல்லாத ஆக்கள் மெடம்."

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவர்களுக்கு எதுவும் தெரியக்கூடாது என்று முதல் நாளே அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். வாங்காவிட்டாலும் சொல்லியிருப்பேனோ தெரியாது. அந்த மனிதரின் கண் சிவந்திருந்தது.

"என்ன தம்பி செய்யிற," என்றேன். "போய்ப் படிங்க."

புதுத் தவணையின் முதல் சனிக்கிழமை. அவளுடைய பாடத்தை எடுக்க வேறு யாருமில்லை, நானே போனேன். ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல்லுக்கு எவ்வளவு கவனம் கொடுக்கவேண்டும் என்று இயந்திரம் கணிக்கிற முறை. கிழமை முழுக்க அவள் விட்டுப்போன குறிப்புகளை வைத்துக்கொண்டு படித்தேன். வீட்டில் இருக்கும்போது விளங்கியதுபோலத்தான் இருந்தது. பழைய கணினிகள் திரும்பவும் தங்கள் இடத்துக்கு வந்திருந்தன. குளிரூட்டி மறுபடி நின்றுவிட்டது. பலகையில் எழுதத் தொடங்கினேன். பாதி வழியில் இரண்டு எண் அட்டவணைகளின் பெருக்கம் பொருந்தவில்லை. நிரலும் நிரையும் ஒன்றோடொன்று சேரவில்லை. அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அப்போதும் சேரவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பலகையில் இருந்தது பிழை. அது எனக்குத் தெரியும். அவர்களிலும் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் எங்கே பிழை என்று எனக்குத் தெரியவில்லை.

கேட்டுப் பார்ப்போம் என்று திரும்பினேன். யாராவது ஒருவர், இல்லை மெடம், இது பிழை, எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று சொல்லமாட்டாரா என்றிருந்தது.

"விளங்குதா?" என்றேன்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. முன்வாங்கில் இருந்த வங்கிக்காரர் நிமிர்ந்து, அன்றைக்குக் குழுவின் முன்னால் சிரித்ததைப்போலவே சிரித்தார்.

"ஓம் மெடம்," என்றார். "கடும் நல்லா விளங்குது."

"நல்ல தெளிவு மெடம்," என்றார் அருட்சகோதரி.

எல்லாத் தலைகளும் ஆடின. நான் துடைப்பானைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.